உக்காயாலி ஆற்றங்கரையில் பத்தியம்: ஷிப்பிபோ வைத்தியர் வீடுகளும் வெளிநாட்டு முகாம்களும், ஒரு மதிப்பீடு

பெருவின் அமேசான் பகுதியில் ஷிப்பிபோ-கொனிபோ பழங்குடி வைத்தியர்களிடம் தங்கிப் பத்தியம் இருக்க விரும்புகிறவர்களுக்கு இன்று மூன்று விதமான இடங்கள் உண்டு. புக்கால்பா நகரை ஒட்டிய யாரினாகோச்சா ஏரிக்கரையிலும் சான் பிரான்சிஸ்கோ கிராமத்திலும் வைத்தியர்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே குடில் போட்டு ஆட்களை ஏற்கிறார்கள். இது ஒன்று. இக்கித்தோஸிலிருந்து நவுத்தா போகும் சாலையைச் சுற்றி வெளிநாட்டார் முதலீட்டில் நடக்கும் பெரிய முகாம்கள் இரண்டாவது. நிலமும் வைத்தியமும் ஷிப்பிபோ குடும்பத்தின் கையில் இருக்க, முன்பதிவையும் மொழிபெயர்ப்பையும் மட்டும் வெளியார் கவனிக்கும் இடங்கள் மூன்றாவது.

விளம்பரங்கள் எல்லாமே அயாவாஸ்காவை, அதாவது குடித்தவருக்குக் காட்சிகளை வரவைக்கும் கொடிக் கஷாயத்தை, முன்னால் வைக்கின்றன. வாரத்துக்கு எத்தனை இரவு குடிக்கத் தருவார்கள், கொடி எவ்வளவு பழையது, மண்டபம் எவ்வளவு பெரியது என்று பேசுகின்றன. இதை வைத்து இடத்தைத் தேர்ந்தால் பணம் வீணாகும். ஷிப்பிபோ மரபில் ஒருவரை வைத்தியர் ஆக்குவது பத்தியம். ஸ்பானியத்தில் தியேத்தா என்பார்கள், அவர்கள் மொழியில் சமா. அந்தப் பத்தியத்தை ஒரு இடம் எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறது என்பதுதான் அந்த இடத்தின் தரம். அதைப் பார்க்க அடுப்படிக்கும் குடிலுக்கும் போக வேண்டும்.

முதலில் வைத்தியர் எப்படி உருவாகிறார் என்று தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். மூலிகை மட்டும் தெரிந்தவர் ராவ்மி. பத்தியங்கள் இருந்து, பாட்டுகளைப் பெற்று, நோயைப் பார்க்கவும் பாடித் தீர்க்கவும் தெரிந்தவர் ஒனான்யா. அதற்கும் மேலே மெராயா. அந்த நிலையில் இருப்பவர்கள் இன்று ஏறக்குறைய இல்லை என்றே ஷிப்பிபோ முதியவர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஒரு முகாமின் விளம்பரத்தில் நான்கு மெராயாக்கள் இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இளம் வயதில் ஒருவர் தாத்தாவிடமோ மாமனிடமோ சேர்கிறார். ஆசான் ஒரு செடியைத் தேர்ந்து, பாடி, பத்தியத்தைத் திறந்து வைக்கிறார். ஊரை விட்டுத் தள்ளி, ஓலை வேய்ந்த தம்போ என்ற சிறு குடிலில் சீடன் தனியாக இருக்க வேண்டும். அந்தச் செடியின் பட்டையையோ வேரையோ ஊறவைத்தோ காய்ச்சியோ குடிக்க வேண்டும். உப்பு, சர்க்கரை, எண்ணெய், மிளகாய், பன்றிக்கறி, சாராயம், உடலுறவு எல்லாம் விலக்கு. சோப்பும் பற்பசையும்கூட வாசனைக்காக விலக்கு. உச்சி வெயிலிலும் மழையிலும் வெளியே வரக்கூடாது. அந்தச் செடி கனவில் பாட்டுக் கொடுக்கும் என்பது அவர்களுடைய அறிவு. சீடன் கனவைச் சொல்ல ஆசான் கேட்டு, எது செடியினுடையது, எது இவனுடைய ஆசை என்று பிரிக்கிறார். உப்பில்லாப் பத்தியம், இச்சாபத்தியம், மருந்து முடிந்த பிறகு மறுபத்தியம் என்று சித்த மருத்துவத்தில் கேட்டுப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும்.

தொடக்கத்தில் ஆஹோ சாச்சா, போபின்சானா போன்ற சாதுவான செடிகள். நரம்பெல்லாம் குளிர்ந்து உதடு மரத்துப்போகச் செய்யும் சிரிக் சனாங்கோ கொஞ்சம் தேறிய பிறகு. அப்புறம் பெரிய மரங்கள். அவற்றில் ஒன்றான அயாஉமா நமக்கு அந்நியமானதல்ல. சிவன் கோயில்களில் நாகலிங்கம் என்று வளர்க்கிறோமே, அதே மரம். தென் அமெரிக்காதான் அதன் சொந்த ஊர். மரங்களின் பத்தியம் மாதக்கணக்கில் போகும், சிலருக்கு ஆண்டைத் தாண்டும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆண்டுகள். இடையில் அவர் மீன் பிடிக்கிறார், வாழை வைக்கிறார், குடும்பம் நடத்துகிறார். ஊர்க்காரர்கள் கொண்டுவருவது குழந்தையின் பயம், காய்ச்சல், பொறாமையால் வந்ததாக அவர்கள் நம்பும் சூனியம். முன்பெல்லாம் நோயாளி அயாவாஸ்கா குடிப்பதே அரிது. வைத்தியர்தான் குடித்துப் பார்த்து, பாடி வைத்தியம் செய்வார். வந்தவர் எல்லோருக்கும் கோப்பை நீட்டுவது வெளிநாட்டார் வருகையால் வந்த ஏற்பாடு.

இனி அடுப்படி. ஒரு இடத்தின் நேர்மை தெரிவது இங்கேதான், மூன்று வகை இடங்களுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசமும் இங்கேதான். பத்தியச் சாப்பாடு என்பது இங்கிரி, அதாவது வேகவைத்த பச்சை வாழைக்காய், கூடவே கரியில் சுட்ட மீன், சில இடங்களில் வெறும் சோறு. மீனில் போக்கிச்சிக்கோதான் முறை. செதிள் உள்ளது, அடிவண்டலை மேய்வது, கடிக்கும் பல் இல்லாதது. பிரான்யா போன்ற பல்லுள்ள மீனும், செதிளில்லாத கெளுத்தி இனங்களும் கூடாது. வைத்தியர் வீடுகளில் இதை மனைவியோ மகளோ சமைக்கிறார்கள். அவர்களே பத்தியம் இருந்து பழகியவர்கள் என்பதால் பிழை நடப்பது குறைவு. பெரிய முகாம்களில் சம்பளச் சமையல்காரர் ஒரே அடுப்பில் பணியாளர் சாப்பாட்டையும் பத்தியச் சாப்பாட்டையும் ஆக்குகிறார். உப்புப் போட்ட சோற்றுக் கரண்டி இந்தப் பாத்திரத்தில் விழுவது, அஜினோமோட்டோவை உப்பில் சேர்த்தி என்று நினைக்காமல் தூவுவது, மீனை முந்தின நாள் உப்பிட்டு வைப்பது ஆகிய மூன்றும் அங்கே வழக்கமான பிழைகள். பத்தியத்துக்குத் தனி அடுப்பும் தனிப் பானையும் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்னாலேயே கேட்கலாம். நல்ல இடம் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வாழைக்காய், சோறு, ஓட்ஸ், சில இடங்களில் கினோவா, உப்பில்லாத பருப்பு கிடைக்கும். பத்து நாளுக்குச் சமாளிக்கலாம். மாதக்கணக்கில் இருந்தால் புரதம் போதாது, தசை கரையும். வைத்தியரிடம் முன்பே சொல்லிவிட்டால் முட்டையோ பருப்போ சேர்க்கும் எளிய பத்தியமாக மாற்றித் தருவார்கள். சொல்லாமல் மீனை ஒதுக்கிவிட்டுப் பட்டினி கிடப்பது உடம்புக்கு ஆபத்து.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். சும்மா படுத்திருக்கும் ஆரோக்கியமான உடம்பு உப்பில்லாமல் சில நாள் தாங்கும், சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அமேசான் வெக்கையில் வியர்வை, அயாவாஸ்கா இரவில் வாந்தியும் பேதியும், மறுநாள் காலை வாந்தி எடுக்கவைக்கும் மருந்தோடு லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் என்று எல்லாம் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பம் என்று தொடங்கி வலிப்பில் முடியலாம். கொடுமை என்னவென்றால் முதல் மூன்று அறிகுறிகளும் ‘செடி வேலை செய்கிறது’ என்று எளிதாகத் தவறாக எண்ணப்படுகின்றன. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். நல்ல இடத்தில் உப்புச்சர்க்கரைப் பொட்டலமும், யார் எப்போது பத்தியத்தை நிறுத்துவது என்ற முடிவும் முன்னதாகவே இருக்கும். ‘ஆளுக்கு ஆபத்து வந்தால் அந்த நிமிடமே உப்புக் கொடுத்துப் பத்தியத்தை முடிப்பீர்களா?’ என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். அனுபவசாலி ஒனான்யா ஆமாம் என்பார், பிறகு பாடிச் சரிசெய்வேன் என்பார். செடி கோபிக்கும் என்று மட்டும் பதில் வந்தால் அங்கே தங்க வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சாப்பாடு பாதியாகக் குறையும், சர்க்கரை விலக்கு, குடிலில் தனிமை. இரவில் சர்க்கரை இறங்கினால் கவனிக்க ஆளிருக்காது. இவர்கள் கடும் பத்தியத்துக்குப் போகவே கூடாது.

குடிலைப் பார்க்கும்போது கொசுவலை கிழியாமல் இருக்கிறதா, கழிப்பிடம் எத்தனை அடி தூரம், இரவில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்பவை முக்கியம். இக்கித்தோஸ் இருக்கும் லொரேத்தோ பகுதியில்தான் பெருவின் மலேரியா அதிகம். பெரிய முகாம்கள் இதில் நன்றாகவே செய்கின்றன. வலை, வாக்கி-டாக்கி, சில இடங்களில் செவிலியர்கூட உண்டு. ஆனால் அவர்களுடைய குடில்கள் வரிசை வீடுகள் மாதிரி அடுத்தடுத்து இருக்கும். பக்கத்துக் குடிலில் சிரிப்பும் கைபேசியும். பத்தியத்துக்குத் தேவையான தனிமை அங்கே கிடைப்பதில்லை. வைத்தியர் வீடுகளில் தனிமை இருக்கும், ஓலை ஒழுகும்.

அயாவாஸ்கா இரவுக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். கஷாயம் குடித்து 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும், சுமார் 4 மணி நேரம் நிற்கும். இருட்டில், மபாச்சோ புகையிலையை ஊதி, ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து வைத்தியர் தனித்தனியாக இக்காரோ பாட வேண்டும். வைத்தியமே அந்தப் பாட்டுத்தான். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் ஒரு வைத்தியர் உருப்படியாகக் கவனிக்கக்கூடியது எட்டுப் பத்துப் பேரை. இருபது பேருக்கு ஒரே வைத்தியர் என்றால் கடைசி ஆளுக்குப் பாட்டு வரும்போது வேகம் இறங்கிப்போயிருக்கும், பாடுகிறவரும் களைத்திருப்பார். இருபது பேருக்கு மூன்று நான்கு வைத்தியர்களை வைக்கும் பெரிய முகாம்கள் இந்த விஷயத்தில் நியாயமானவை. கூட்டம் சேர்ந்த நாளில் வைத்தியர் வீடுகளில்தான் இது சறுக்கும்.

பத்தியம் இருப்பவருக்கு வாரம் நான்கு இரவு அயாவாஸ்கா தேவையே இல்லை. இரண்டு போதும். பத்தியச் செடிதான் ஆசான், அயாவாஸ்கா அதைப் பார்க்க உதவும் விளக்கு. ஏழு நாளில் ஐந்து இரவு, கூடவே ஒரு செடிப் பத்தியம், போனஸாகத் தவளை விஷமான காம்போ என்று அடுக்கும் இடங்களில் எதுவும் முறையாக நடக்காது. காம்போ ஷிப்பிபோ வைத்தியமும் அல்ல. வேறு இனங்கள் வேட்டைக்குப் போகுமுன் செய்துகொள்வது அது, சோடியம் கடுமையாகச் சரிந்து ஆபத்தானதும் அதில் உண்டு.

கஷாயத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். அயாவாஸ்காக் கொடியும் சக்ருனா இலையும் மட்டும் என்றால் சரி. சக்ருனாவிலுள்ள டிஎம்டி என்ற, காட்சிகளை வரவைக்கும் பொருளைக் குடலும் கல்லீரலும் உடைத்துவிடாமல் கொடியிலுள்ள ஹார்மின், ஹார்மலின் தடுத்து நிறுத்துகின்றன, அதனால்தான் இரண்டும் சேர வேண்டியிருக்கிறது. தோயே என்ற செடியைச் சேர்ப்பவர்கள் உண்டு. நம் ஊமத்தையிலுள்ள அதே நஞ்சுகள் அதில் இருக்கின்றன. வாய் உலர்ந்து, நாடி துடித்து, எது நடந்தது என்றே நினைவில்லாமல் நாள் முழுக்க உளற வைக்கும், அளவு தவறினால் கொல்லும். அதைக் கையாளும் பயிற்சி வைத்தியர்களுக்கு உரியது, விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

கொடியின் அந்தத் தடுப்பு வேலைதான் மருந்து மாத்திரைகளோடு மோதுகிறது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், டிரமடால் வலிநிவாரணி, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் மிதமிஞ்சி உயிருக்கே ஆபத்தாகலாம். இருமல் மருந்தை நம் ஆட்கள் மருந்தென்றே நினைப்பதில்லை, பையில் போட்டுக்கொண்டு போவார்கள், ஆகவே அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபுளூவாக்ஸெட்டின் உடம்பை விட்டுப் போகவே ஐந்து வாரம் ஆகும். பயணத்துக்காகத் தானாக மாத்திரையை நிறுத்துவது இன்னொரு ஆபத்து, எழுதிக் கொடுத்த மருத்துவர் சம்மதித்தால்தான். இருதுருவ மனநோயோ மனச்சிதைவோ தனக்கோ நெருங்கிய இரத்த உறவிலோ இருந்தால், லித்தியம் எடுத்தால், இதய நோய் இருந்தால், போகக் கூடாது. பதிவுப் படிவத்தில் இதையெல்லாம் கேட்காத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் தேறாது. பெரிய முகாம்கள் கேட்கின்றன. வைத்தியர் வீடுகளில் பலரும் கேட்பதில்லை, நீங்களே சொல்ல வேண்டும்.

வைத்தியரை எப்படி எடைபோடுவது? எந்தச் செடிகளைப் பத்தியம் இருந்தீர்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு காலம், யாரிடம், எந்த ஊரில் என்று கேட்கலாம். இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல, அவர்களே ஒருவரையொருவர் அளப்பது இப்படித்தான். உண்மையான ஒனான்யா செடிப் பெயரும் தாத்தா பெயரும் மாதக் கணக்குமாகச் சொல்வார். சான்றிதழைக் காட்டுகிறவரிடமும், நாலு வாரத்தில் உங்களையே வைத்தியராக்கிச் சான்றிதழ் தருகிறேன் என்பவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் யாரினாகோச்சாவில் ஒனான்யாக்கள் கூடி அசோமாஷ்க் என்ற தங்கள் சங்கத்தை அமைத்திருக்கிறார்கள், அவர்கள் வழியாகப் போவது நல்லது. அதே ஆண்டு ஏப்ரலில் அங்கே மூத்த வைத்தியர் ஒலிவியா அரேவாலோ சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பிறகு, முன்பின் தெரியாதவர்கள் அறிமுகமில்லாமல் கிராமத்துக்குள் போய்க் கதவைத் தட்டுவது இன்று சரியல்ல.

பெண்கள் தனியாகப் போனால் பெண் வைத்தியர் இருக்கும் குடும்பத்தைத் தேர்வது நல்லது. ஷிப்பிபோக்களிடையே பெண் ஒனான்யாக்கள் நிறையவே உண்டு. வைத்தியம் என்ற பெயரில் உடைகளையச் சொல்வதும், இரவில் தனியே குடிலுக்கு வரச் சொல்வதும், உறவு கொள்வதே சிகிச்சை என்பதும் எந்த மரபிலும் இல்லை. பத்தியம் உடலுறவை முற்றாக விலக்குகிறது என்பதே அதற்குப் பதில். இப்படிப்பட்ட புகார்கள் மூன்று வகை இடங்களிலும் வந்திருக்கின்றன.

பணம் எங்கே போகிறது என்பதும் சேவையின் தரத்தில் சேர்த்திதான். வெளிநாட்டு முகாம்கள் வாரத்துக்கு 1,000 டாலருக்கு மேல் வாங்குகின்றன, வைத்தியர் வீடுகளில் அதில் பாதி கூட ஆகாது. முகாமில் வைத்தியர் சம்பளக்காரர், மாதக்கணக்கில் ஊரை விட்டு இருக்கிறார், அவருடைய கிராமத்தில் காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வருகிறவர்களுக்கு வீட்டில் ஆள் இல்லை. 2020இல் கொரோனா புக்கால்பாவை உலுக்கியபோது ‘கொமாந்தோ மாத்திகோ’ என்று ஒன்றுசேர்ந்த ஷிப்பிபோ இளைஞர்கள் மாத்திகோ இலையைக் காய்ச்சி ஆவி பிடிக்கவைத்து வீடு வீடாகக் கவனித்தார்கள். இந்த வைத்தியம் முதலில் யாருக்கானது என்பது அப்போது தெரிந்தது. அயாவாஸ்கா அறிவைப் பெரு அரசு 2008இல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்ததும் அமேசான் மக்களின் அறிவு என்ற அடிப்படையில்தான். எனவே நிலம் யார் பெயரில், கொடியை நட்டு வளர்க்கிறார்களா அல்லது காட்டில் வெட்டி வாங்குகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பயண விவரம் சுருக்கமாக. லீமாவிலிருந்து புக்கால்பாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பேருந்தில் அந்தீஸைத் தாண்டி ஏறக்குறைய ஒரு முழு நாள், பத்தியம் முடித்துத் திரும்பும் உடம்புக்கு அது ஆகாது. இக்கித்தோஸுக்கு வெளியிலிருந்து சாலையே இல்லை, விமானம் அல்லது படகு. மஞ்சள் காய்ச்சல் ஊசியை 10 நாளுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் பெருவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கஷாயத்தைப் புட்டியில் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். பெருவில் அது சட்டப்படி சரி, இந்தியாவில் டிஎம்டி போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

ஆக, யாருக்கு எது? முதல் தடவை போகிறவருக்கும், ஸ்பானியம் சுத்தமாகத் தெரியாதவருக்கும் மூன்றாம் வகை இடமே பொருத்தம். அடுப்படி வைத்தியர் குடும்பத்தின் கையில் இருக்கும், படிவமும் மொழிபெயர்ப்பும் ஒழுங்காக இருக்கும். மருத்துவ உதவி பக்கத்தில் வேண்டும் என்பவருக்குப் பெரிய முகாம், அது பாதுகாப்பில் நல்லது, பத்தியத்தில் சுமார். ஒரு செடியை ஒரு மாதம் உண்மையாக இருந்து பார்க்க வேண்டும், ஸ்பானியமும் ஓரளவு வரும், உடம்பும் திடம் என்றால் வைத்தியர் வீட்டுக்கு இணை கிடையாது. 

எங்கே இருந்தாலும் கிளம்புவதற்கு முன் பத்தியத்தை முறையாக முடித்துவைக்க இரண்டு நாளாவது ஒதுக்கச் சொல்லுங்கள். வைத்தியர் அர்க்கானா என்ற காப்புப் பாட்டைப் பாடி, உப்பு, எலுமிச்சை, மிளகாய், வெங்காயம் சேர்த்துக் கொடுத்து முடிப்பார். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிக் காலை ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, அவற்றின் மற்ற எல்லா நல்ல அம்சங்களும் இதில் அடிபட்டுப்போகும். அதன்பின் மறுபத்தியம் இருந்த நாள் அளவுக்கோ ஒரு மாதமோ என்று செடிக்குச் செடி மாறும். பன்றிக்கறி, மது, உடலுறவு மூன்றும் அதுவரை கூடாது. கடைசித் தேதியை வைத்தியரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஊர் வந்த பிறகு கேட்க ஆள் இருக்காது.